அவனுக்கு ஒரு ஃபிளாஷ்பேக் இருக்குக்கா

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு கொஞ்சம் நீளமா பேசப் போறேன். ஹெட்ஃபோன் இருந்தா போட்டுக்கோங்க. பக்கத்துல அம்மா இருந்தா, இருக்கட்டும், அவங்களும் கேட்கட்டும். சொல்லப்போனா இது அவங்க படிச்ச கதையிலிருந்தே ஆரம்பிக்கிற விஷயம்தான்.

இந்த வருஷம் சித்ரா பௌர்ணமிக்கு எங்க அப்பா ஊருக்குப் போயிருந்தேன். ஐயங்கார்குளம். காஞ்சிபுரத்திலிருந்து செவிலிமேடு வழியா பாலாத்தைத் தாண்டிப் போகணும். சஞ்சீவிராயர் கோயில், அதை ஒட்டி ஒரு பெரிய குளம். குளம்னு பேரே தவிர ஏரி மாதிரி இருக்கும். தாத்தாச்சாரியார் வெட்டினது, அதனாலதான் ஊருக்கே இந்தப் பேர்னு சொல்வாங்க. அங்கே நடவாவின்னு ஒரு கிணறு இருக்கு. படியில நடந்தே உள்ளே இறங்கலாம். உள்ளே கல் மண்டபம். மத்த நாள்ல தண்ணி நிக்கும். திருவிழாவுக்கு முன்னாடி மோட்டார் வச்சு இறைச்சுடுவாங்க. சித்ரா பௌர்ணமி ராத்திரி காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் வந்து அந்த மண்டபத்துக்குள்ள இறங்குவார். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு கூட்டமும்.

அந்தக் கூட்டத்துல, வரிசையில, எனக்கு முன்னாடி என் அத்தை பொண்ணு. வயசு 19. காலேஜ் ரெண்டாவது வருஷம். (அவகிட்ட கேட்டுட்டுதான் இதைப் பேசுறேன். சில விவரங்களை மாத்தியிருக்கேன். அந்த ஊர்ல எனக்கு ஒண்ணுவிட்டது ரெண்டுவிட்டதுன்னு ஏழெட்டு அத்தை பொண்ணுங்க, அதனால யாருன்னு தேடாதீங்க.) மேளம், வேட்டு, மோர்ப் பந்தல், சுத்தி இவ்வளவு நடக்குது, இவ குனிஞ்ச தலை நிமிரல. ஃபோன் வெளிச்சம் மூஞ்சியில அடிக்குது. என்னடி அப்படின்னேன். "இருக்கா, யூடி வந்துருச்சு"ன்னா.

தெரியாதவங்களுக்கு: யூடின்னா அப்டேட். தொடர்கதையோட அடுத்த எபி. பிரதிலிபி, வாட்பேட், அப்புறம் எழுத்தாளர்களே நடத்துற நாவல் தளங்கள், கிண்டில்னு தமிழ்ல ஒரு பெரிய உலகம் இருக்கு. எழுதுறவங்க பெரும்பாலும் பெண்கள். வீட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டு ராத்திரி ஃபோன்லயே டைப் பண்றவங்க நிறைய பேர். படிக்கிறவங்களும் பெண்கள்தான். கமென்ட் போடாமப் படிக்கிறவங்களுக்கு சைலன்ட் ரீடர்னு பேர். நானும் பல வருஷம் சைலன்ட் ரீடர். அதனால மேல உட்கார்ந்து கீழ பார்த்துப் பேசறதா நினைச்சுக்காதீங்க. எனக்கும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் "தொடரும்" போட்ட இடத்துல தூக்கம் போன அனுபவம் இருக்கு.

வரிசை நகரவே இல்லை. "குடு பார்ப்போம்"னு ஃபோனை வாங்கினேன். ஹீரோ ஒரு பெரிய கம்பெனி முதலாளி. ஹீரோயினோட அண்ணன் மேல ஏதோ பழி. அவளைத் தூக்கிட்டுப் போய் தாலி கட்டிடறான். அன்னைக்கு ராத்திரி அவ வேண்டாம்னு அழறா. அவன் கேட்கல. அடுத்த நாள் காலையில அவளுக்குக் காய்ச்சல், இவன் பக்கத்துலயே உட்கார்ந்து நெத்தியில ஈரத்துணி போடறான். கீழே நூத்துக்கணக்குல கமென்ட். பாதிப் பேர் அவனைத் திட்டுறாங்க. மீதிப் பேர், "பாவம் அவன், அவனுக்குள்ள எவ்வளவு காதல் பாருங்க".

இதுக்கு ஆன்டி ஹீரோ கதைன்னு ஒரு வகையே இருக்கு. நாவல் படிக்கிறவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

"இவனையா உனக்குப் பிடிக்குது?"ன்னு கேட்டேன்.

"கடைசியில மாறிடுவான்க்கா."

"மாறலேன்னா?"

அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே. "அப்படின்னா அது கதையே இல்லையே"ன்னா.

அதுல ஒரு தப்பும் இல்லை. அவ சரியாத்தான் சொல்றா. ரொமான்ஸ் கதைன்னா கடைசியில சேரணும். அது அந்த வகைக் கதையோட ஒப்பந்தம். துப்பறியும் கதையில கொலைகாரன் மாட்டுற மாதிரி. முதல் எபி படிக்கும்போதே கடைசி எபி என்னன்னு நமக்குத் தெரியும். அந்த தைரியத்துலதான் நடுவுல அவன் பண்ற அத்தனை அநியாயத்தையும் பொறுத்துக்கிட்டுப் படிக்கிறோம்.

நான் இதை இவ்வளவு பெரிசா எடுத்துக்கிட்டதுக்குக் காரணம், அதுக்கு அரைமணி நேரம் கழிச்சு நடந்தது. சாமி பார்த்துட்டு மேலே ஏறி வந்தோம். குளக்கரையில உட்கார்ந்தோம். அவ ஃபோன்ல மிஸ்டு கால் 30க்கு மேல. ஒரே நம்பர். காலேஜ் சீனியர், ஒரு வருஷமா பேசிட்டு இருக்காங்க. திருவிழாவுக்குப் போறேன்னு சொல்லாமக் கிளம்பிட்டாளாம், அதுக்கு. அவ அதை ஒரு சலிப்போட காட்டினா. ஆனா அந்தச் சலிப்புக்குள்ள ஒரு பெருமை இருந்துச்சு. "ரொம்பப் பொசசிவ்க்கா." இன்ஸ்டா பாஸ்வேர்டு அவன்கிட்ட இருக்கு. எந்த டிரெஸ்ல ஸ்டோரி போடணும்னு அவன் சொல்வான். நான் எதுவும் பேசல. பேசாம இருந்ததாலயோ என்னவோ, அவளே சொன்னா. ஒரு தடவை பஸ் ஸ்டாண்ட்ல அறைஞ்சுட்டானாம். "ஒரே ஒரு தடவைதான். அப்புறம் அவனே அழுதான்க்கா. அவங்க அப்பா குடிச்சுட்டு அம்மாவை அடிப்பாராம், சின்ன வயசுலேர்ந்து பார்த்திருக்கான். அவனுக்கு ஒரு ஃபிளாஷ்பேக் இருக்குக்கா."

ஃபிளாஷ்பேக். கஷ்டம்னோ, பழைய காயம்னோ அவ சொல்லல. அந்த வார்த்தையை எங்கேர்ந்து எடுத்தான்னு எனக்குத் தெரியும். ஏன்னா 20 வயசுல நானும் அதையே எடுத்திருக்கேன். என் கதையை இங்கே சொல்லப் போறதில்லை. மூணு வருஷம், அவ்வளவுதான். அதுல ரெண்டரை வருஷம் நான் கடைசி எபிக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்.

சரி. அப்போ ஆன்லைன் கதைதான் பொண்ணுங்களைக் கெடுக்குதா? தடை பண்ணணுமா? ஐயோ, அந்தப் பேச்சு வேண்டாம். முதல்ல, இது ஆன்லைன்ல பிறந்ததே இல்லை. 1989ல பார்த்திபன் முதன்முதலா இயக்கி நடிச்ச "புதிய பாதை" வந்துச்சு. ஒரு ரவுடி ஒரு பொண்ணை பலாத்காரம் பண்றான். அவ அவனையே தேடி வந்து, அவனையே கல்யாணம் பண்ணி, அவனைத் திருத்துறா. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கின படம். நல்லா எடுத்த படம், உண்மையிலேயே. அதுதான் பிரச்சினையும். மோசமா எடுத்திருந்தா மறந்திருப்போம்.

அதுக்கும் முன்னாடியிலிருந்தே மாத நாவல்கள். ராணிமுத்து, மாலைமதி. ரமணிசந்திரன் நாவல்களை வாடகை நூலகத்துல எடுத்து, ஒரே புத்தகத்தை எங்க அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கான்னு நாலு பேர் சுத்தவிட்டுப் படிச்ச காலம். அந்தக் கதைகள்ல கோபக்கார, பணக்கார, வாயைத் திறந்து எதுவும் சொல்லாத ஹீரோ உண்டு. ஆனா படுக்கையறைக் கதவு சாத்தினதோட அத்தியாயம் முடிஞ்சுடும். இப்போ ஃபோன்ல கதவு சாத்துறதில்லை. அது ஒண்ணுதான் வித்தியாசம்.

இது ஒரு பக்க நூலகம். இன்னொரு பக்கம் பசங்களுக்கு ஒரு நூலகம் இருந்துச்சு. சரோஜாதேவி புத்தகம்னு சொல்வாங்களே, பஸ் ஸ்டாண்ட் கடையில பின் பண்ணித் தொங்கும், பேர் போடாத பிரஸ்ல அச்சானது. அப்புறம் சிடி, அப்புறம் ஃபோன்ல வீடியோ. பொண்ணுங்க கதை சொன்னது: உன்னை உண்மையா விரும்புறவன் நீ வாயைத் திறக்காமலே உன் மனசைப் புரிஞ்சுப்பான். பசங்க கதை சொன்னது: பொண்ணு வேண்டாம்னா அது வெட்கம். இப்போ இந்த ரெண்டு நூலகத்துலயும் படிச்ச ரெண்டு பேருக்குக் கல்யாணம் பண்ணி, பால் சொம்பைக் கையில கொடுத்து, ஒரு ரூமுக்குள்ள விட்டுக் கதவைச் சாத்துறோம். அவ சொல்ல மாட்டா, ஏன்னா சொல்லாமலே புரியணும். அவன் கேட்க மாட்டான், ஏன்னா கேட்கறதே ஆம்பளைத்தனம் இல்லை. எத்தனை வீட்டுல அந்த முதல் ராத்திரி எப்படிப் போச்சுன்னு நமக்குத் தெரியவே தெரியாது. நம்ம அம்மாக்கள் சொல்லப் போறதில்லை.

பள்ளிக்கூடம்? தமிழ்நாடு பாடத்திட்டத்துல எட்டாவது அறிவியல்ல வளரிளம் பருவம் பத்திப் பாடம் இருக்கு. பத்தாவதுல தாவரங்களிலும் விலங்குகளிலும் இனப்பெருக்கம். எங்க மிஸ் தாவரத்தை நாலு நாள் நடத்தினாங்க. மகரந்தச் சேர்க்கை எனக்கு இன்னைக்கும் அத்துப்படி. மனுஷங்க பக்கம் வந்ததும், "இதை வீட்டுல படிச்சுக்கோங்க, பரீட்சைக்குப் படம் மட்டும் வரும்". படம் வரைஞ்சு பாகம் குறிக்கத் தெரியும். ஒருத்தர்கிட்ட "உனக்கு இது ஓகேவா"ன்னு எப்படிக் கேட்கறதுன்னு எந்தப் பாடத்துலயும் இல்லை.

வாயைத் திறந்து பேசினவங்களுக்கு என்ன ஆச்சுன்னும் பார்த்தோமே. 2005ல குஷ்பு ஒரு பத்திரிகைக் கருத்துக்கணிப்புல, கல்யாணத்துக்கு முந்தின உறவு, பாதுகாப்பு பத்தி ஒரு கருத்து சொன்னாங்க. தமிழ்நாடு முழுக்க ஊர் ஊரா வழக்கு, 20க்கு மேல. அத்தனையையும் உச்ச நீதிமன்றம் ரத்து பண்ண 2010 ஏப்ரல் ஆயிடுச்சு. அதைப் பார்த்த எந்த டீச்சர், எந்த அம்மா பேசுவாங்க? அதுக்குக் கொஞ்சம் முன்னாடி விஜய் டிவியில "புதிரா புனிதமா"ன்னு மாத்ருபூதம் டாக்டர் நடத்தின நிகழ்ச்சி வந்துட்டு இருந்துச்சு. வீட்டுல அது வந்தா சேனல் மாத்துவாங்கன்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். பாதிப் பேர் ராத்திரி சவுண்டைக் குறைச்சு வச்சுப் பார்த்திருப்பாங்க, அது வேற.

ஆக, யாரும் பேசாத இடத்துல கதை வந்து உட்கார்ந்துக்குச்சு. அதுக்கு நான் நன்றி சொல்ற பக்கமும் இருக்கு. பொண்ணுக்கும் ஆசை இருக்கும், அது அசிங்கம் இல்லைன்னு எனக்கு முதல்ல சொன்னது யாரோ ஒரு முகம் தெரியாத அக்கா எழுதின தொடர்கதைதான். கமென்ட்ல ஒரு தடவை ஒருத்தங்க எழுதியிருந்தாங்க, கல்யாணம் ஆகிப் பல வருஷம் ஆச்சு, இப்படியெல்லாம் பேசிக்கலாம்னே இப்பதான் தெரியுதுன்னு. அதுக்குக் கீழ யாரும் கிண்டல் பண்ணல. அந்த மாதிரி ஒரு இடம் நம்ம வீட்டுல எங்கே இருக்கு?

ஆனா தகவல்னு பார்த்தா கதை சுத்தமா ஃபெயில். ஒரே ராத்திரி, ரெண்டாவது எபியில வாந்தி, மயக்கம், கன்சீவ். யாரும் காண்டம் வாங்கினதே இல்லை. கம்பெனி முதலாளி, ஹெலிகாப்டர் வச்சிருக்கான், மெடிக்கல் ஷாப் மட்டும் தெரியாது. முதல் ராத்திரின்னா ரத்தம் வந்தே ஆகணும். உண்மையில பலருக்கு வராது, அதுக்கும் முன்னாடி என்ன நடந்துச்சுங்கறதுக்கும் சம்பந்தமே இல்லை. கன்னித்தன்மைன்னு சோதிச்சுக் கண்டுபிடிக்கிற விஷயம் ஒண்ணு மருத்துவத்துல கிடையாது. பலாத்கார வழக்குகள்ல செய்துட்டு வந்த இருவிரல் சோதனையை நிறுத்தச் சொல்லி மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2022 ஏப்ரல்ல உத்தரவு போட்டுச்சு. அதே வருஷம் அக்டோபர்ல உச்ச நீதிமன்றம், இனிமே அதைச் செய்றவங்க நடத்தை தவறினதாகவே கருதப்படும்னு சொல்லிடுச்சு. கதையில அந்த வெள்ளைப் பெட்ஷீட் இன்னும் மாறல.

இன்னொண்ணு. அவசர கருத்தடை மாத்திரை, பாதுகாப்பு இல்லாம உறவு நடந்தா 72 மணி நேரத்துக்குள்ள போடுறது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அது கருக்கலைப்பு மாத்திரை இல்லை, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. இந்தியாவுல டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக்கூடிய மாத்திரை. தமிழ்நாட்டுல மெடிக்கல் ஷாப்ல கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் "இல்லை"ன்னுதான் வரும். வெளிமாநிலம் போற ஃப்ரெண்டுகிட்ட வாங்கிட்டு வரச் சொல்ற பொண்ணுங்களை எனக்குத் தெரியும். எந்த நாவல்ல இதைப் பத்தி ஒரு எபி வந்திருக்கு? வந்தா நான் முதல் ஆளா காசு கொடுத்துப் படிப்பேன்.

ஆனா இந்தத் தகவல் தப்பெல்லாம் சின்ன விஷயம். கூகுள் பண்ணினா, ஒரு நல்ல டாக்டர்கிட்ட கேட்டா, அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும். சரியாகாதது வேற ஒண்ணு. குளக்கரையிலிருந்து வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில படுத்துக்கிட்டு அதைத்தான் யோசிச்சேன். நாம அந்த ஹீரோவை ஏன் மன்னிக்கிறோம்?

ஏன்னா அவன் மைண்ட் வாய்ஸ் நமக்குக் கேட்குது.

எழுத்தாளர் எழுதிடறாங்க: அவன் அவளை முதல் பார்வையிலேயே விரும்பிட்டான், ஆனா ஒத்துக்க மனசு வரல. அவளை அடிச்ச கையைச் சுவத்துல குத்திக்கிட்டான். அவளுக்குத் தெரியாம ராத்திரி வந்து போர்வை போர்த்தினான். அவ தூங்குறா, அவளுக்கு இது எதுவுமே தெரியாது. நமக்குத் தெரியும். அதனால அவ பயப்படும்போது நாம பயப்படறதில்லை. அவ அழும்போது நாம "ஐயோ லூசு, அவன் உன்னை எவ்வளவு லவ் பண்றான் தெரியுமா"ன்னு கத்துறோம். ஹீரோயினுக்குத் தெரிஞ்சது அவன் கை மட்டும்தான். நாம அவ பக்கம் நிக்கிறதா நினைச்சுக்கிட்டு அவன் மண்டைக்குள்ள உட்கார்ந்து படிக்கிறோம்.

நிஜத்துல நாம ஹீரோயின் இடத்துல இருக்கோம். மைண்ட் வாய்ஸ் கேட்காது. மிஸ்டு கால் 30 மட்டும்தான் தெரியும். அப்போ என்ன பண்றோம்? இத்தனை வருஷம் படிச்ச பழக்கத்துல, அந்த மைண்ட் வாய்ஸை நாமே எழுதிக்கிறோம். அவன் சார்பா, அவன் கேட்காமலே. "அவன் உள்ளுக்குள்ள அழுதுட்டு இருப்பான்." நான் எழுதியிருக்கேன். மூணு வருஷத்துல ஒரு பெரிய நாவலே எழுதியிருக்கேன் அவனுக்காக. அவன் அதுல ஒரு வரிகூடப் படிச்சிருக்க மாட்டான்.

கதைக்கும் நிஜத்துக்கும் இவ்வளவு முடிச்சுப் போடாதேன்னு சிலர் சொல்வீங்க. சரி, ஒரு நிஜம் சொல்றேன். கடலூர் மாவட்டத்துல ஒரு பொண்ணு. மைனரா இருந்தப்போ பலாத்காரம் செய்யப்பட்டவங்க. ஒரு குழந்தை பிறந்துச்சு. குற்றவாளிக்கு மகளிர் நீதிமன்றம் 7 வருஷ தண்டனை கொடுத்துச்சு. அவன் மேல்முறையீடு போனான். 2015 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் அவனுக்கு ஜாமீன் கொடுத்து, அந்தப் பொண்ணோட சமரசம் பேசறதுக்காக வழக்கை சமரச மையத்துக்கு அனுப்புச்சு. கல்யாணத்துல முடியட்டும்ங்கற நல்ல எண்ணம்தான்னு அதுக்கு ஆதரவாவும் பேசினாங்க. அந்தப் பொண்ணு பத்திரிகைக்காரங்ககிட்ட தெளிவா சொல்லிட்டாங்க, சமரசத்துக்கு வர மாட்டேன்னு. ஜூலை 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்து வழக்கு ஒண்ணுல, பலாத்கார வழக்குல சமரசம், கல்யாணம்னு பேசறதே பெரிய தப்புன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அதே மாசம் சென்னை நீதிமன்றமும் தன்னோட உத்தரவைத் திரும்ப வாங்கிக்குச்சு.

அந்தப் பொண்ணை நான் பார்த்ததில்லை. ஆனா அவங்களைப் பத்தி நிறைய யோசிச்சிருக்கேன். சுத்தி இருக்கிற அத்தனை பேருக்கும் கதையோட முடிவு தெரியுது. கோர்ட்டுக்கே தெரியுது. அவங்க ஒருத்தர் மட்டும் அந்த முடிவு எனக்கு வேண்டாம்னு நிக்கிறாங்க.

கல்யாணத்துக்குள்ளேயே நடக்கறதுக்கு வருவோம், ஏன்னா ஆன்டி ஹீரோ கதையில தாலி கட்டிட்டுத்தான் எல்லாம் நடக்கும். தாலிதான் அங்கே லைசென்ஸ். நம்ம சட்டமும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் இருக்கு. 2024 ஜூலை 1லிருந்து அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 63வது பிரிவுக்கு ஒரு விதிவிலக்கு: மனைவிக்கு 18 வயசு ஆகியிருந்தா, கணவன் பண்றது பலாத்காரக் குற்றம் ஆகாது. பழைய ஐபிசியில இருந்ததையே கொண்டுவந்துட்டாங்க. 2022 மே மாசம் டெல்லி உயர் நீதிமன்றத்துல இதைப் பத்தி ரெண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னாங்க. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. ஆனா 2005ல வந்த குடும்ப வன்முறைச் சட்டத்துல பாலியல் கொடுமையும் வன்முறைன்னு எழுதியிருக்கு. மனைவி அந்தச் சட்டத்துல பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். இதைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க, யாருக்காவது சொல்ல வேண்டி வரும்.

இதெல்லாம் தமிழுக்கு மட்டும் உள்ள வியாதின்னும் நினைக்க வேண்டாம். "ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே" முதல்ல இணையத்துல ட்வைலைட்டுக்கு எழுதின ரசிகர் கதையாத்தான் இருந்துச்சு. 2011ல புத்தகமாகி 10 கோடி பிரதிக்கு மேல போச்சு. "ஆஃப்டர்" 2013ல வாட்பேட்ல ஒன் டைரக்ஷன் பாடகரை வச்சு எழுதின கதை, 2019ல படமாவே வந்துச்சு. அங்கேயும் பொசசிவ் பையன், அங்கேயும் ஃபிளாஷ்பேக். ஆனா ரசிகர் கதை உலகத்துலயே இன்னொரு பழக்கமும் இருக்கு, அது எனக்குப் பிடிக்கும். ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்னு ஒரு தளம், 2019ல ஹியூகோ விருதே வாங்குச்சு. அங்கே கதை போடும்போது பலாத்காரம், கொடூரமான வன்முறை மாதிரி சில விஷயங்கள் இருந்தா முன்னாடியே டேக் போடணும், இல்லேன்னா எச்சரிக்கை எதுவும் தரப் போறதில்லைன்னாவது சொல்லணும். எழுதக்கூடாதுன்னு யாரும் சொல்லல. எழுது, பேரைச் சரியா வைன்னு சொல்றாங்க. அதுக்குப் பேர் பலாத்காரம்னா பலாத்காரம்னு போடு. "ரக்கட் லவ்"னு போடாதே.

தமிழ்லயும் சில எழுத்தாளர்கள் கதை ஆரம்பத்துலயே எழுதிடறாங்க, இது ஆன்டி ஹீரோ கதை, பிடிக்காதவங்க தவிர்த்துடுங்கன்னு. அது பாதி. டீசர்லயே "அரக்கனின் காதல்" ரேஞ்சுக்கு ஏத்திவிட்டு ஒரு வரி எச்சரிக்கை போடறது, சிகரெட் பாக்கெட் மாதிரிதான். இருந்தாலும் இல்லாததுக்கு இது மேல்.

நான் படிக்கிறதை நிறுத்திட்டேனான்னு கேட்பீங்க. இல்லை. போன வாரம்கூட ஒண்ணு படிச்சேன். ஆனா இப்போ ஒரு பைத்தியக்காரப் பழக்கம் வந்துடுச்சு. ஹீரோவோட மைண்ட் வாய்ஸ் வர்ற பாராவையெல்லாம் தாண்டிட்டுப் படிக்கிறேன். அவ என்ன பார்த்தா, அவ காதுல என்ன விழுந்துச்சு, அது மட்டும். முயற்சி பண்ணிப் பாருங்க. பல லவ் ஸ்டோரி அப்படியே த்ரில்லர் ஆயிடும். சில கதை மட்டும் அப்பவும் லவ் ஸ்டோரியாவே நிக்கும். அந்த மாதிரி ஒண்ணு கிடைச்சா எனக்கு லிங்க் அனுப்புங்க, ப்ளீஸ்.

இதை அத்தை பொண்ணுகிட்டயும் மறுநாள் காலையில சொன்னேன். காபி குடிச்சுக்கிட்டே. "அவனை விட்டுடு"ன்னெல்லாம் சொல்லல. எனக்கு அப்படிச் சொன்னவங்க பேச்சை நான் கேட்கல, அவ மட்டும் எப்படிக் கேட்பா? அந்தக் கதையோட முதல் பத்து எபியை, அவன் மைண்ட் வாய்ஸை விட்டுட்டு, திரும்பப் படின்னு மட்டும் சொன்னேன். "போக்கா, அப்படிப் படிச்சா என்ன இருக்கும் அதுல"ன்னு சிரிச்சா. அப்புறம் அத்தை உள்ளேர்ந்து கூப்பிட்டாங்க, நாங்க பேச்சை மாத்திட்டோம். மாத்தினது அத்தைக்கும் தெரியும். என்னடி பேசறீங்கன்னு அவங்களும் கேட்கல.

மூணு வாரம் கழிச்சு ஒரு மெசேஜ் வந்துச்சு. பாஸ்வேர்டு மாத்திட்டாளாம். அவன்கிட்ட இன்னும் பேசறாளாம். அவன் மாறிட்டானான்னு நான் கேட்கல. அவளே ஒரு வாய்ஸ் நோட் போட்டிருந்தா. பஸ் சத்தத்துக்கு நடுவுல, "அக்கா, நீ சொன்ன மாதிரி படிச்சேன். நாலாவது எபிக்கு மேல முடியல. பயமா இருந்துச்சு."

இதைக் கேட்கிற யாருக்காவது இப்போ யார்கிட்டயாவது பேசணும்னு தோணுச்சுன்னா, பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம். 18 வயசுக்குக் கீழன்னா 1098. அடுத்த எபிசோட்ல பசங்க பக்கம் பேசலாம்னு இருக்கேன், ரெண்டு பேர் வர்றேன்னு சொல்லியிருக்காங்க, கடைசி நேரத்துல ஓடாம இருந்தா சரி. பை மக்களே.